நிற்கத் தெரிந்த இயந்திரங்களின் ஊர்

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போகும் நம் ஊர்ப் பயணிகளில் நடுவழியில் நகோயாவில் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கினாலும் கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவார்கள். நான் நகோயாவுக்காகவே போனேன். கோவையிலும் ஓசூரிலும் சிறுதொழில் கூட்டங்களுக்குச் செய்தி எழுதப் போகும்போதெல்லாம் சில ஆண்டுகளாக ஒரே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லா மெஷினிலும் சென்சார் மாட்டுங்கள், எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் இணையுங்கள், மீதியை டேட்டா பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு முதலாளிகள் கடன் வாங்கியாவது இதைச் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் உலகமே பாடம் கேட்கும் ஊரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நகோயா ரயில் நிலையத்திலிருந்து மெய்தெட்சு லைனில் அடுத்த நிறுத்தம் சாக்கோ. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் செங்கல் கட்டடம் ஒன்று வருகிறது. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சாகிச்சி டொயோடா 1911இல் தறி ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய ஆலை இருந்த இடம் அது. 1994 முதல் அந்தக் குழுமத்தின் தொழில் அருங்காட்சியகமாக இருக்கிறது. கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பஞ்சையும் நூலையும் தறியையும் கடந்துதான் போக வேண்டும். நுழைவுக் கூடத்தில் சாகிச்சி 1906இல் கண்டுபிடித்த வட்டத் தறி நிற்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் வரிசையாகத் தறிகள். பல இன்னும் ஓடுகின்றன.

சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1924இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறி முன்னால் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அங்கிருந்த பணியாளர் பெண் தறியை ஓட்டிக்காட்டினார். நாடா அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தது. நாடாவில் நூல் தீரும் நேரத்தில், தறி நிற்காமலே, தீர்ந்த நாடாவைத் தள்ளிவிட்டுப் புது நாடா உள்ளே வந்தது. பிறகு அவர் பாவு நூல் ஒன்றை அறுத்தார். தறி நின்றது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்குகிறது. நூல் அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த தகடு அடியில் ஆடிக்கொண்டிருக்கும் பட்டையைத் தடுக்கும். தடுத்தால் தறி நின்றுவிடும். மின்சாரக் கண்ணும் கிடையாது, கணினியும் கிடையாது. விழும் தகடுதான் சென்சார்.

பாவு அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணி நெடுகக் கோடு விழும். அந்தத் துணியை வியாபாரி தள்ளிவிடுவான். அதனால்தான் விசைத்தறிக் கொட்டகையில் தறிக்காரர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சாகிச்சியின் தறி அந்தக் காவல் வேலையிலிருந்து மனிதனை விடுவித்தது. தறி தன் பழுதைத் தானே கண்டுபிடித்து நிற்கும் என்றால் ஒரே ஆள் பல பத்துத் தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். நின்ற தறிக்கு மட்டும் போனால் போதும். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. நூற்பு, நெசவு இயந்திரங்களை உலகுக்கே விற்றுக்கொண்டிருந்த லங்காஷையரிலிருந்து வந்த பணம் அது.

சாகிச்சியின் மகன் கிச்சிரோ 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1936இல் ஏஏ கார் வந்தது. 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனியானது. அடுத்த மண்டபம் முழுக்க இந்தக் கதைதான். 600 டன் பிரஸ், வெல்டிங் ரோபோ எல்லாவற்றையும் இயக்கிக் காட்டுகிறார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் அங்கேதான் அதிகம். எனக்கு மனம் தறியிலேயே இருந்தது. மெஷினோடு மெஷினை இணைப்பதைப் பற்றி இன்று பேசப்படும் அத்தனைக்கும் அடியில் இருக்கிற கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே அந்தத் தகடு கேட்டுவிட்டது. ஏதோ தவறு நடந்தால் மெஷின் அதை யாரிடம், எப்போது சொல்லும்?

மறுநாள் டொயோட்டா நகரத்துக்குப் போனேன். நகோயாவின் சுருமாய் சுரங்க ரயில் நகரத்தைத் தாண்டியதும் தரைக்கு மேலே வந்து, வயலும் வீடும் மூங்கில் புதருமாக இருக்கும் மேட்டு நிலத்தின் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகிறது. ஒரு காலத்தில் பட்டுநூல் வியாபாரத்துக்குப் பேர்போன கொரோமோ என்ற ஊர் இது. கார் ஆலை 1938இல் இங்கே வந்தது. 1959இல் ஊர் தன் பெயரையே கம்பெனியின் பெயராக மாற்றிக்கொண்டது. தலைமையகத்தை ஒட்டியிருக்கும் காய்கான் காட்சியகத்திலிருந்து ஆலையைப் பார்க்கப் பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். முன்பதிவு கட்டாயம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

பார்வையாளர்களுக்கான நடைபாதை லைனுக்கு மேலே, பரண்போல ஓடுகிறது. கீழே கார் உடல்கள் மெதுவாக நகர்கின்றன. ஒவ்வோர் ஆளுக்கும் தரையில் எல்லை குறித்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் அவருடைய வேலை முடிய வேண்டும். தலைக்கு மேலே ஒரு கயிறு. ஏதாவது சரியில்லை என்றால் அவர் அதை இழுக்கிறார். உடனே ஒரு மெட்டு ஒலிக்கிறது. ஆண்டான் என்று அவர்கள் சொல்லும் பலகையில் அந்த இடத்தின் எண் மஞ்சளாக எரிகிறது. குழுத் தலைவர் ஓடி வருகிறார். கார் அந்த எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் மறுபடி கயிற்றை இழுப்பார், லைன் தொடர்ந்து ஓடும். இல்லாவிட்டால் கோட்டுக்கு வந்ததும் லைன் நிற்கும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மெட்டு அடிக்கடி கேட்டது. யாரும் பதறவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. நம் ஊரில் லைனை நிறுத்திய ஆபரேட்டருக்குச் சாயங்காலம் என்ன நடக்கும் என்று தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேலிருந்து பார்க்கும்போது கயிறுதான் தெரிகிறது. அதற்கு அடியில் இருக்கும் இணைப்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்றைய கார் ஆலையில் முக்கியமான போல்ட்டை முடுக்கும் கருவி வெறும் கருவியாக இருப்பதில்லை. எந்தக் காரில், எந்த போல்ட்டை, எவ்வளவு டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், முடுக்கியது என்பதை அந்தக் காரின் எண்ணோடு சேர்த்துப் பதிவுசெய்கிறது. டார்க் குறைந்தால் அங்கேயே சிவப்பு விளக்கு எரியும். அடுத்த வேலைக்கு நகரக் கருவி விடாது. வெல்டிங் துப்பாக்கியில் ஓடிய மின்சாரம், பெயின்ட் அறையின் ஈரப்பதம், ரோபோவின் மூட்டில் இருக்கும் மோட்டார் இழுக்கும் கரன்ட், எல்லாம் இப்படித்தான் பதிவாகின்றன. ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் என்று டொயோட்டாவே கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்றில் பின்னாளில் குறை தெரிந்தால், எந்தெந்தக் காரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதை இந்தப் பதிவுதான் சொல்லும்.

ரோபோவின் மோட்டார் கரன்ட்டை வைத்துப் பழுதை முன்கூட்டியே அறிவதில் நல்ல பலன் கிடைத்ததற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் உதாரணம். ஃபுஜி மலையடிவாரத்தில் இருக்கும் ஃபானுக் கம்பெனியோடு சேர்ந்து தன் 30,000 ரோபோக்களில் ஏறக்குறைய கால் பங்கை இணையத்தில் இணைத்தது. இரண்டு வருடத்தில் நூறு முறையாவது லைன் நிற்பதைத் தவிர்த்ததாக அது சொன்னது. இதை நான் சந்தேகிக்கவில்லை. எந்தப் பகுதி தேயும், தேய்ந்தால் என்ன அறிகுறி வரும், அறிகுறி வந்தால் யார் போய் மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த கேள்விக்கு விடை தேடிச் சென்சார் போனது. சென்னையைச் சுற்றியிருக்கும் ஓர் உதிரிபாக ஆலையில் நான் பார்த்தது நேர்மாறு. பெயர் வேண்டாம். மேலாளர் அறையில் சுவர் அளவுக்குத் திரை, அதில் நாற்பது வரைபடங்கள். கீழே மெஷினில் நிற்கும் பையனுக்கு அப்படி ஒரு திரை இருப்பதே தெரியாது. மெஷின் சூடாவதை அவன் கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தான்.

நகோயாவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காபிக் கடையில் ஒரு காபி சொன்னால் டோஸ்ட்டும் முட்டையும் கூடவே வந்துவிடும், தனியாகக் காசில்லை. அப்படி ஒரு கடையில் பொள்ளாச்சிக்கார நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். பக்கத்து ஊரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். நான் கயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, “கயிறு இழுக்காமலே நின்ன நாளு ஒண்ணு இருக்குதுங்க, அதைக் கேளுங்க” என்றார்.

2023 ஆகஸ்ட் 29. அன்று காலை ஜப்பானில் டொயோட்டாவின் 12 ஆலைகள் நின்றன. பிற்பகலில் மீதி இரண்டும் நின்றன. மொத்தம் 14 ஆலைகள், 28 லைன்கள். அந்தக் கம்பெனியின் உலக உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. “எங்க ஆபீஸ்ல யாருக்கும் என்னன்னே புரியலைங்கண்ணா. மெஷின் ஓடுது, ஆள் இருக்காங்க, மெட்டீரியல் இருக்குது. எதைச் செஞ்சு எப்ப அனுப்பணும்னு சொல்ற ஆர்டர் மட்டும் வரல” என்றார் நண்பர். ஹேக்கர்கள் வேலையாக இருக்கும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்களாம்.

காரணத்தை டொயோட்டா அடுத்த வாரமே வெளியிட்டது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த பழைய தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை வந்து சிஸ்டம் நின்றுவிட்டது. இப்படி நடந்தால் கைகொடுக்கத்தானே பேக்கப் சர்வர்? அதுவும் அதே அமைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதே பிழை அதற்கும் வந்தது. பெரிய கொள்ளளவுள்ள வேறு சர்வருக்குத் தரவுகளை மாற்றிய பிறகு 30ஆம் தேதி ஆலைகள் ஓடத் தொடங்கின. தாக்குதல் எதுவும் இல்லை என்றும் தெளிவாகச் சொன்னது. மூடி மறைக்காமல் காரணத்தை எல்லாருக்கும் தெரியச் சொன்னதற்காக நான் அந்தக் கம்பெனியை மதிக்கிறேன். அதனால்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடிகிறது.

அந்தக் காபிக் கடை மேசையில் இரண்டு நிறுத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கயிற்றை இழுத்தால் ஓர் இடம் நிற்கிறது. ஏன் நின்றது என்பது அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிகிறது. சரிசெய்ய வேண்டிய ஆள் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார். சர்வர் நின்றால் 14 ஆலைகள் நிற்கின்றன. ஏன் என்று லைனில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. சரிசெய்கிறவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்றும் தெரியாது. உலகத்திலேயே நிறுத்தத்தைப் பற்றி அதிகம் யோசித்த கம்பெனிக்கே இது நடந்தது. டொயோட்டாவின் தைச்சி ஓனோ, பாகங்களை வரவழைக்கும் கான்பான் முறையை வளர்த்த காலத்தில் அது ஓர் அட்டை. பாகம் தீர்ந்த பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துப் போய்க் கொடுத்தால் அடுத்த பெட்டி வரும். ஓர் அட்டை தொலைந்தால் ஒரு பெட்டி தாமதமாகும், அவ்வளவுதான். அட்டை மின்னணுவாக மாறியபோது வேகம் கூடியது, தூரம் ஒரு பொருட்டில்லாமல் போனது. கூடவே அத்தனை அட்டைகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

சர்வர் நின்றதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. கோஜிமா என்ற உதிரிபாகக் கம்பெனியும் டொயோட்டா நகரத்தில்தான் இருக்கிறது. காருக்குள் வரும் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறது. 2022 பிப்ரவரி 26 இரவு அதன் சர்வர்களில் வைரஸ் நுழைந்தது தெரிந்தது. துணைக் கம்பெனி ஒன்று வெளியாட்களோடு தொடர்புகொள்ள வைத்திருந்த தொலைதூர இணைப்புக் கருவியின் ஓட்டை வழியாக ஹேக்கர்கள் உள்ளே வந்திருந்தார்கள். மார்ச் 1 அன்று டொயோட்டாவின் இதே 14 ஆலைகள், இதே 28 லைன்கள் நின்றன. ஏறக்குறைய 13,000 கார்களின் உற்பத்தி தடைப்பட்டது. பெரிய கோட்டையின் கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் பலன் இல்லை, சிறிய சப்ளையரின் ஒரு பெட்டி போதும்.

நம் ஊரும் இதைப் பார்த்திருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியபோது பிரான்ஸில் ரெனோ ஆலைகளும் இங்கிலாந்தில் நிசானின் சன்டர்லேண்ட் ஆலையும் பாதிக்கப்பட்டன. ஒரகடத்தில் அப்போது ரெனோவும் நிசானும் கூட்டாக நடத்திய ஆலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடுத்த மாதம் ஹோண்டாவின் சயாமா ஆலை ஒருநாள் நின்றது. அந்த வைரஸ் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் ஆலையில் மெஷினோடு சேர்ந்து வந்த கணினியை அலுவலகக் கணினிபோல நினைத்தபடி அப்டேட் செய்ய முடியாது. மெஷின் கம்பெனியின் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அப்டேட் போட்டு மெஷின் நின்றால் யார் பொறுப்பு? அதனால் யாரும் தொடமாட்டார்கள். மெஷினுக்கு ஆயுள் இருபது, முப்பது வருடம். அதிலிருக்கும் கணினிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

இதே மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவதும் எளிதில்லை. மெஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கணினிகளில் மிட்சுபிஷி, ஓம்ரான், சீமென்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நெட்வொர்க் வழக்கம். டொயோட்டா 2016 ஹனோவர் கண்காட்சியில் இனித் தன் ஆலைகளுக்கு ஈதர்கேட் என்ற நெட்வொர்க் முறைதான் என்று அறிவித்தது. வெளியாட்களுக்கு இது சலிப்பான செய்தி. ஆனால் இணைப்பு வேலையில் பாதிக்கு மேல் இந்தச் சலிப்பான முடிவுகள்தான் என்று நண்பர் சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

திரும்பும் வழியில் ரயிலில் மிட்சுரு கவாயைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். 1966இல் டொயோட்டாவில் தொழிலாளியாகச் சேர்ந்து, ஃபோர்ஜிங் பிரிவில் இரும்பைக் காய்ச்சி அடித்து வளர்ந்தவர். 2017இல் நிர்வாகத் துணைத் தலைவர் பதவி வரை போனார். லைனிலிருந்து அந்த உயரத்துக்குப் போன முதல் ஆள். ரோபோக்கள் செய்துகொண்டிருந்த கிராங்க் ஷாஃப்ட் வேலையின் ஒரு பகுதியை மறுபடி மனிதர் கைக்குக் கொடுத்தார். கையால் அடித்துப் பார்த்த ஆட்கள் எங்கே இரும்பு வீணாகிறது, எந்த நிலை தேவையில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதை மறுபடி மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தபோது லைனின் நீளம் மிகவும் குறைந்தது, வீணாகும் இரும்பு 10 சதவீதம் குறைந்தது. பழைய ரோபோ லைன் அதுவரை பதிவுசெய்த தரவுகள் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பதில் அவற்றுக்குள் இருந்திருக்காது. தெரியாத வேலையை மெஷின் பதிவுசெய்தால் அந்தத் தெரியாமையும் சேர்ந்தே பதிவாகும்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் டெஸ்லா இதற்கு எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 1984இல் தொடங்கி டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய நம்மி ஆலைதான் அது. அமெரிக்கத் தொழிலாளிகளுக்கு லைனை நிறுத்தும் கயிற்றை டொயோட்டா பழக்கிய இடம். அதே கூரைக்கு அடியில் மாடல் 3 காருக்காக அளவுக்கு மீறி ரோபோக்களை நிரப்பியது தவறு என்று 2018 ஏப்ரலில் எலான் மஸ்க் வெளிப்படையாகச் சொன்னார். மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றார். சிக்கலாகிப்போன கன்வேயர் அமைப்பை எடுத்தே விட்டார்கள்.

இணைப்பு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டார்க் குறைந்த போல்ட்டோடு ஒரு கார் ரோட்டுக்கு வராமல் தடுக்கும் கருவி நம் பிள்ளைகள் போகும் காரில் இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பட்டறை நடத்துகிறவர்களிடம் உரிமையோடு சில கேட்பேன். சென்சார் விற்க வருகிறவரிடம் இது எந்தப் பழுதைச் சொல்லும் என்று கேளுங்கள். மெஷின் முன்னால் நிற்கும் ஆளுக்குச் சொல்லுமா, உங்கள் போனுக்கு மட்டும் சொல்லுமா என்று கேளுங்கள். சொன்ன பிறகு லைனை நிறுத்தும் அதிகாரத்தை அந்த ஆளுக்குக் கொடுங்கள். நிறுத்தியதற்காக அவரை ஒருபோதும் திட்டாதீர்கள். பெரிய கம்பெனியோடு இணைக்கும் பெட்டி உங்கள் அறையில் எங்கே இருக்கிறது, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, நெட்வொர்க் போனால் ஒருநாளாவது தாளில் எழுதி வேலையை ஓட்ட முடியுமா என்று பாருங்கள். பேக்கப் சர்வர் அசல் சர்வரோடு ஒரே அமைப்பில் இருக்கிறதா என்பதை, அடுத்த மெஷின் வாங்குவதற்கு முன்பு, இந்த வாரமே உங்கள் கணினி ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.